சணற் புரியும் மின்காந்த அலையும்

பொருளின் குணம் அதன் உள்ளீட்டிலே தங்கியிருக்கிறது என்பது மக்கள் நெடுங்காலமாகக் கொண்டுவந்த கருத்தாகும். கண்ணாடி ஒளியை விடுவதும், செம்பு மின்னைக் கடத்துவதும், உப்புக் கரிப்பதும் அவ்வப் பொருளின் இயல்பு என்று கூறி அமைவர். ஆயின், செம்புக் கம்பிகள் சிலவற்றை ஒருவிதமாக நிரைப்படுத்தி ஓர் அலையின் குறுக்கே நிறுத்தினால் அவை அவ்வலையைத் தடுத்துவிடும்; அக்கம்பிகளையே கால்வட்டம் திருப்பி நிறுத்தினால் அலை தடையின்றிச் செல்லும். கம்பி மாறவில்லை, அலையும் மாறவில்லை, வைத்த முறை ஒன்றே மாறியது. பொருளுக்குள்ள ஆற்றலைப் போலவே ஒழுங்குக்கும் ஓர் ஆற்றல் உண்டு என்பதனை இச்சிறு சோதனை காட்டுகின்றது.

இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டே, வானொலி அலைக்கும் வெப்பக்கதிருக்கும் இடைப்பட்ட தெராஹேர்ட்ஸ் அலைகளை அடக்கி ஆளுதற்கு, இயற்கையிற் காணப்படாத செயற்கைப் பொருள்களை இன்று அறிஞர் ஆக்கிவருகின்றனர். ஆங்கிலத்தில் மெற்றாமெற்றீரியல் எனப்படும் இவற்றைத் தமிழில் மீப்பொருள் எனலாம். புதியதாகத் தோன்றும் இக்கலைக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் நடுவே, கல்கத்தா நகரத்து ஆசிரியர் ஒருவர் கையால் முறுக்கிய ஒரு பிடி சணலும் இடம்பெற்றிருக்கின்றது.

அத்திலாந்திக் சமுத்திரத்தின் வடபாலுள்ள ஐஸ்லாந்துத் தீவிலே கண்ணாடிபோலத் தெளிந்த ஒருவகைப் பளிங்குக் கல் கிடைப்பதுண்டு. எழுத்தின்மேல் அதனை வைத்து நோக்கினால் ஓரெழுத்து ஈரெழுத்தாய்த் தோன்றும். கல்லைச் சுழற்றினால் ஒரு தோற்றம் அசையாது நிற்க, மற்றையது அதனைச் சுற்றிவரும். டென்மார்க்கு நாட்டுப் பேராசிரியர் எராஸ்மஸ் பார்த்தோலின் இதனை ஆராய்ந்து 1669ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். ஒல்லாந்து நாட்டு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் அத்துடன் அமையாது, இரண்டு கற்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்தார். முதற் கல்லிலே இரண்டாய்ப் பிரிந்த கதிர்கள், இரண்டாம் கல்லிலே சில நிலைகளில் மீண்டும் பிரியாமற் சென்றன. கல்லைச் சிறிது திருப்பியதும் மீண்டும் பிரிந்தன. ஒருமுறை கல்லினூடாகச் சென்ற ஒளி, அவ்வாறு செல்லாத ஒளியினின்றும் ஏதோ ஒருவகையில் வேறுபட்டுவிட்டது என்பது இதனாற் புலனாயிற்று. ஆயினும் அவ்வேறுபாடு யாது என்பதற்கு நிறைவான விளக்கம் தமக்குக் கிடைக்கவில்லை என்பதனை, 1690இல் வெளியான தமது ஒளி நூலிலே அவர் ஒளிக்காது கூறிவிட்டார். ஒளிக்கதிருக்குப் பக்கங்கள் உண்டுபோலும் என்று நியூற்றன் கருதினார். அதற்குமேல் ஏறத்தாழ நூறாண்டுக் காலம் இவ்வினா உறங்கிக் கிடந்தது.

அதனை எழுப்பியவர் பிரெஞ்சுப் படையில் பொறியியலாளராகப் பணியாற்றிய எத்தியேன் லூயி மாலூஸ் என்பவர். நெப்போலியனின் எகிப்தியப் படையெடுப்பிற் பங்குகொண்டு, நோயுற்று மீண்டவர் அவர். 1808ஆம் ஆண்டில் ஒரு மாலைப்பொழுது, பாரிஸ் நகரிலுள்ள தம் வீட்டிலிருந்து, எதிரேயுள்ள லக்சம்பேர்க் அரண்மனையின் சாளரக் கண்ணாடிகளில் தெறித்த கதிரவன் ஒளியை ஐஸ்லாந்துக் கல்லினூடாக அவர் நோக்கினார். கல்லைத் திருப்பத் திருப்ப, இரு தோற்றங்களில் ஒன்று மங்க மற்றையது ஒளிர்ந்தது; மேலும் திருப்பியபோது முன்னது ஒளிரப் பின்னது மங்கியது. கல்லினூடாகச் செல்லாமல், வெறும் கண்ணாடியிற் பட்டுத் தெறித்த ஒளியும் அதே மாற்றத்தைப் பெற்றுவிடுகின்றது என்பதனை அவர் கண்டார். காந்தத்துக்கு முனைகள் இருத்தல்போல ஒளித்துகளுக்கும் முனைகள் உண்டென்று எண்ணி, இம்மாற்றத்துக்கு முனைவாக்கம் என்னும் பொருள்படப் பெயரிட்டார். 1812இல், முப்பத்தாறு வயதிலேயே, அவர் காசநோயால் மறைந்தார். ஒளியைத் துகளாகக் கருதிய அவர் கொள்கை பின்னர் கைவிடப்பட்டது. அவர் இட்ட பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

ஒளி ஓர் அலை என்பதும், அது செல்லும் திசைக்குக் குறுக்காக அதிர்வது என்பதும் தோமஸ் யங், ஒகுஸ்டின் பிரெனெல் ஆகியோரின் ஆராய்ச்சியால் 1821ஆம் ஆண்டளவில் தெளிவுபெற்றன. ஒரு கயிற்றின் நுனியைக் கம்பத்திலே கட்டி மறுநுனியை மேலுங் கீழுமாக ஆட்டினால் அலை நிலைக்குத்தாக ஓடும். இடமும் வலமுமாக ஆட்டினால் கிடையாக ஓடும். எல்லாத் திசைகளிலும் கலந்து அதிரும் அலை சாதாரண ஒளி; ஒரே தளத்தில் அதிருமாறு ஒழுங்குபட்ட அலை முனைவாக்கப்பட்ட அலை. வீட்டுக் கூரைகளின்மேல் தொலைக்காட்சிக்கென நிறுத்தப்பட்ட அலைவாங்கியின் கம்பிகளைப் பலர் கண்டிருப்பர். அவை பெரும்பாலும் கிடையாக அமைந்திருத்தல், வருகின்ற அலை கிடைத்தளத்தில் அதிர்வதனால் ஆகும்.

ஒளி என்பது மின்விசையும் காந்தவிசையும் இணைந்து அதிரும் அலையே என்று மாக்ஸ்வெல் கணிதத்தால் நிறுவினார். அவர் கூறிய அலைகளை முதன்முதலாகக் கருவிகொண்டு ஆக்கிக் காட்டியவர் ஜேர்மனி நாட்டுக் கார்ல்ஸ்ரூ நகரிற் பேராசிரியராக இருந்த ஹைன்றிச் ஹேர்ட்ஸ். 1888ஆம் ஆண்டில் அவர் செய்த சோதனையொன்று இவ்வரலாற்றுக்கு அடிக்கல் போன்றது. தீப்பொறியாற் பிறந்த, 66 சதமமீற்றர் நீளமுள்ள அலைகளை அவர் ஒரு கூடத்தின் குறுக்கே செலுத்தினார். இரண்டு மீற்றர் உயரமுள்ள மரச்சட்டத்திலே, ஒரு மில்லிமீற்றர் பருமனுள்ள செம்புக் கம்பிகளை மூன்று சதமமீற்றர் இடைவெளியில் நிரையாகக் கட்டி, அலையின் வழியிலே நிறுத்தினார். அலையின் மின்விசைக்குச் சமாந்தரமாகக் கம்பிகள் நின்றபோது அலை தடைப்பட்டது; குறுக்காக நின்றபோது குறைவின்றிக் கடந்தது.

இங்கே ஓர் ஐயம் எழக்கூடும். கயிற்றை ஒரு மட்டை வேலியின் இடைவெளியூடாகச் செலுத்தி மேலுங் கீழுமாக ஆட்டினால், நிலைக்குத்தான மட்டைகளுக்கிடையே அலை எளிதிற் செல்லும். குறுக்காக ஆட்டினால் மட்டையில் மோதி நின்றுவிடும். கம்பிச் சட்டமோ இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கின்றது. காரணம் யாதெனில், கம்பிக்குள் இருக்கும் இலத்திரன்கள் நீளவாட்டில் தாராளமாக ஓடக்கூடியவை. மின்விசை கம்பிவழியே அமையும்போது அவை ஓடி, தாமே ஓர் எதிரலையை எழுப்பி, வந்த அலையைத் தெறிக்கச் செய்கின்றன. குறுக்கு வாட்டிலோ ஓடுதற்கு இடமில்லை. ஆகவே அலைக்கு அங்கே தடையுமில்லை. கம்பிகளின் இடைவெளி அலைநீளத்தில் இருபதிலொரு பங்கிலுங் குறைவாதலால், அலை ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியே அறிவதில்லை. சட்டம் முழுவதும் ஒரே பொருளாய், பக்கம் அறிந்து வழிவிடும் ஒரு புதுவகைப் பளிங்காய், அதற்குத் தோன்றுகின்றது. பின்னாளில் எழுந்த மீப்பொருட் கலை முழுவதும் இக்கருத்தின் விரிவே எனலாம்.

ஹேர்ட்ஸ் இன்னுமொன்று செய்தார். அலை நிலைக்குத்தாக அதிரும்படி அனுப்பி, வாங்கியைக் கிடையாகத் திருப்பிவைத்தார். வாங்கியில் தீப்பொறி தோன்றவில்லை. இடையிலே கம்பிச் சட்டத்தை 45 பாகை சரித்து நிறுத்தியதும் பொறி தோன்றிற்று. தடுப்பதற்கென வைத்த சட்டம், இல்லாத அலையைத் தருவித்ததுபோல இருந்தது. உண்மையில், சரிந்த கம்பிகள் அலையின் ஒரு கூற்றைத் தெறித்து, மறு கூற்றைச் சரிந்த தளத்திற் கடத்தின. அதிலே ஒரு பங்கு கிடைத்தளத்துக்கு உரியதாயிற்று. இவ்வகையாற் பெறக்கூடியது முதல் ஆற்றலின் காற்பங்கே. இக்காற்பங்கை மிகுவிக்கும் வழி 125 ஆண்டுகளின் பின்னரே கண்டறியப்பட்டது. ஹேர்ட்ஸ் 1894ஆம் ஆண்டு தை முதலாந் திகதி, மாலூஸைப் போலவே முப்பத்தாறாவது வயதில் காலமானார்.

அவ்வாண்டிலேயே கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பௌதிகவியற் பேராசிரியராயிருந்த ஜகதீச சந்திர போஸ் இவ்வாராய்ச்சியை மேற்கொண்டார். கேம்பிரிட்ஜிலே கற்றுப் பட்டம் பெற்று 1885இல் அக்கல்லூரியிற் சேர்ந்தவர் அவர். ஐரோப்பியப் பேராசிரியர் பெற்ற வேதனத்தின் ஒரு பகுதியே அக்காலத்தில் இந்தியருக்கு வழங்கப்பட்டது. போஸ் அக்குறைந்த வேதனத்தைப் பெற மறுத்து, கற்பித்தலில் மட்டும் குறைவு வையாது, மூன்றாண்டுகள் பணியாற்றினார். இறுதியில் அரசாங்கம் இணங்கி, கடந்த ஆண்டுகளுக்கும் சேர்த்து முழு வேதனத்தை அளித்தது. ஆராய்ச்சிக்கென்று அவருக்குத் தக்க கூடம் இருக்கவில்லை. கருவிகளை உள்ளூர்த் தொழிலாளியைக் கொண்டு தாமே செய்வித்துக்கொண்டார்.

ஹேர்ட்ஸின் அலைகள் நீண்டவை. அவற்றை முறிப்பதற்கு 600 கிலோகிராம் நிறையுள்ள நிலக்கீல் அரியம் வேண்டியிருந்தது. ஒளியின் இயல்புகளை மின்காந்த அலையிலே செவ்வனே காட்டவேண்டுமாயின் அலை குறுகவேண்டும் என்று போஸ் கண்டார். ஐந்து மில்லிமீற்றர் வரை குறுகிய அலைகளை அவர் ஆக்கினார். இதனால் கருவிகள் யாவும் ஒரு மேசைமேல் அடங்கின. 1895ஆம் ஆண்டு மே மாதத்தில் வங்காள ஆசியக் கழகத்திலே, இரட்டை முறிவுப் பளிங்குகள் மின்கதிரை முனைவாக்குதல் பற்றிய தமது முதற் கட்டுரையை வாசித்தார். 1897 சனவரி 29ஆந் திகதி இலண்டன் ரோயல் நிறுவனத்தில் வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவு ஆற்றி, இக்கருவிகளை ஆங்கில அறிஞர்முன் இயக்கிக் காட்டினார்.

அவர் கையாண்ட பொருள்களை நோக்கினால் வியப்பு மேலிடும். பிராட்ஷா என்னும் புகையிரத நேரசூசிப் புத்தகத்தின் தாள்களுக்கிடையே ஈயத்தகடு போன்ற மெல்லிய வெள்ளீயத் தாள்களைச் செருகி, அதனை முனைவாக்கியாகப் பயன்படுத்தினார். உலோகத் தாள் இல்லாத வெறும் புத்தகங்கூட ஓரளவு அவ்வேலையைச் செய்தது. தாளும் காற்றும் மாறிமாறி அடுக்கப்பட்டிருத்தலே அதற்குக் காரணம். வண்டி புறப்படும் நேரத்தைத் தேடி மக்கள் புரட்டிய ஏடு, அவர் கையிலே பளிங்கின் தொழிலைச் செய்தது.

அதனினும் சிறந்தது 1898ஆம் ஆண்டில் இலண்டன் ரோயல் கழக ஏட்டில் வெளிவந்த அவர் கட்டுரை. அதன் பின்னணியைச் சிறிது கூறல் வேண்டும். சருக்கரைக் கரைசலினூடாகச் செல்லும் முனைவாக்கப்பட்ட ஒளியின் தளம் ஒரு பக்கமாகச் சுழல்வதனைப் பிரெஞ்சு அறிஞர் பியோ 1815இல் அறிந்திருந்தார். தாத்தாரிக்கமிலத்தின் உப்பிலே, வலக்கையும் இடக்கையும் போன்ற இருவகைப் பளிங்குகள் உண்டென்றும், ஒருவகையின் கரைசல் ஒளித்தளத்தை வலமாகவும் மறுவகையின் கரைசல் இடமாகவும் சுழற்றும் என்றும் பஸ்தூர் 1848இல் காட்டினார். மூலக்கூற்றின் உருவிலே ஒரு முறுக்கு இருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. ஆனால் மூலக்கூற்றைக் கண்ணாற் காண்பார் யார்?

காணமுடியாத அதனைக் கையாற் செய்து பார்ப்போம் என்று போஸ் துணிந்தார். வங்காளத்தில் எளிதிற் கிடைக்கும் சணல் நாரை எடுத்துப் புரிகளாக முறுக்கினார். சிலவற்றை வலமாக முறுக்கினார். சிலவற்றை இடமாக முறுக்கினார். ஒருவகைப் புரிகளை முனைவாக்கப்பட்ட மின்காந்த அலையின் வழியில் வைத்தபோது அலையின் தளம் ஒரு பக்கம் சுழன்றது. மற்றைவகைப் புரிகளை வைத்தபோது எதிர்ப்பக்கம் சுழன்றது. இரண்டையும் சம எண்ணிக்கையிற் கலந்து வைத்தபோது ஒன்றன் விளைவை மற்றொன்று அழிக்க, சுழற்சி ஒன்றும் தோன்றவில்லை. சருக்கரையின் உள்ளே இயற்கை ஒளித்து வைத்திருந்த ஒழுங்கு, சணலின் வடிவிலே மேசைமேல் வெளிப்பட்டது. சணலுக்குத் தன்னளவில் வலமுமில்லை, இடமுமில்லை; முறுக்கிய கையே அதற்கு அவ்வியல்பைக் கொடுத்தது.

இத்துணைச் சிறப்புடைய சோதனை உலகத்தின் கவனத்தைப் பெற்றிருக்க வேண்டும். நடந்தது வேறு. மார்க்கோனி 1901ஆம் ஆண்டு மார்கழியில் அத்திலாந்திக் சமுத்திரத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குச் செய்தி விடுத்தார். அதற்கு உதவியவை நூற்றுக்கணக்கான மீற்றர் நீளமுள்ள அலைகள். தொலைவுக்குச் செய்தி அனுப்புவதே நோக்கமாகியபோது, மேசையின் குறுக்கே மட்டும் செல்லக்கூடிய மில்லிமீற்றர் அலைகளை நாடுவார் இல்லை. போஸும் தாவரங்களின் உணர்வு பற்றிய ஆராய்ச்சிக்குத் திரும்பிவிட்டார். பின்லாந்து நாட்டிலே கார்ல் லின்ட்மன் என்பவர் 1914இல் தொடங்கி, 1920இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், செம்புக் கம்பிச் சுருள்களைப் பஞ்சிற் பொதிந்து பெட்டியில் இட்டு, அவையும் அலையின் தளத்தைச் சுழற்றுவதனைக் காட்டினார். அதுவும் பயனற்ற வேடிக்கையாகவே நெடுங்காலம் கருதப்பட்டது.

கருவி குறைந்தமையும் இத்தாமதத்துக்கு ஒரு காரணம். ஒரு செக்கனுக்கு இலட்சம் கோடி முறை அதிரும் அலை ஒரு தெராஹேர்ட்ஸ் மீடிறன் உடையது. அதன் நீளம் 0.3 மில்லிமீற்றர். வானொலிக் கருவியின் மின்னோட்டத்தை இவ்வளவு விரைவாக அதிரச் செய்தல் கடினம். மேலிருந்து வரினோ, ஒளியை ஆக்கும் முறைகளும் இங்கே வலுவிழக்கின்றன. சாதாரண அறையின் வெப்பம் தரும் குழப்பமே இவ்வலையின் ஆற்றற் பொட்டலத்தை விடப் பெரிது. ஆதலால் இப்பகுதி இருபுறத்தாராலும் எட்டப்படாத இடைவெளியாக நெடுநாள் கிடந்தது. 1980ஆம் ஆண்டுகளிலே, மிகக் குறுகிய லேசர் ஒளித்துடிப்பைக் குறைகடத்தியில் விழச்செய்து தெராஹேர்ட்ஸ் அலைகளை எழுப்பும் முறை அமெரிக்காவில் உருவானபின்னரே இக்காடு திருந்தத் தொடங்கியது.

அலை கிடைத்தும் அதனை ஆளுதற்குப் பொருள் கிடைக்கவில்லை. காட்சிக்குரிய ஒளிக்கு உதவும் பளிங்குகளும் சாயம் ஏற்றிய தகடுகளும் இங்கே போதிய பயன் தருவதில்லை. படிகக்கல்லைக் கொண்டு தளத்தைத் திருப்ப முயன்றால் சில மில்லிமீற்றர் தடிப்பு வேண்டும். அதுவும் ஒரு குறித்த மீடிறனுக்கே பொருந்தும். இயற்கையின் களஞ்சியம் வறிதாயிருந்த இவ்விடத்திலே, ஒழுங்கின் ஆற்றலை மீண்டும் நினைக்கவேண்டிய நிலை வந்தது.

அந்நினைவு வேறொரு வழியாக வந்தது. சோவியத்து அறிஞர் விக்டர் வெசெலாகோ 1967இல், ஒளியை வழக்கத்துக்கு எதிர்ப்புறமாக முறிக்கும் பொருள் ஒன்று இருக்குமாயின் அது எவ்வாறு நடக்கும் என்று கணித்தார். அத்தகைய பொருள் இயற்கையில் அகப்படவில்லை. இலண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த ஜோன் பென்றி, 1996இல் மெல்லிய கம்பி நிரைகளையும் 1999இல் வாய்பிளந்த உலோக வளையங்களையும் கொண்டு, வேண்டிய மின்குணத்தையும் காந்தக்குணத்தையும் ஆக்கலாம் என்று காட்டினார். அமெரிக்காவில் டேவிட் சிமித் முதலியோர் 2000, 2001ஆம் ஆண்டுகளில் நுண்ணலைகளைக் கொண்டு அதனை மெய்ப்பித்தனர்.

பிளந்த வளையத்தின் தொழிலை வானொலி கேட்போர் எளிதில் உணரலாம். வானொலிப் பெட்டியில் நிலையத்தைத் தெரிந்தெடுக்கும் சுற்றிலே ஒரு சுருளும் ஒரு மின்னொடுக்கியும் உண்டு. அவ்விரண்டின் அளவுக்கு ஏற்ப, ஒரு மீடிறனுக்கு மட்டும் சுற்றுப் பரிவுகொள்ளும். பிளந்த வளையத்தில், வளையமே சுருள், பிளவே மின்னொடுக்கி. வளையத்தைச் சில பத்து மைக்ரோன் அளவுக்கு, அதாவது ஒரு மில்லிமீற்றரின் நூற்றுக் கூறுகளிற் சிலவாகச் சுருக்கினால் அது தெராஹேர்ட்ஸ் அலைக்குப் பரிவுகொள்ளும். அலையின் மின்விசை பிளவின் குறுக்கே அமைந்தால் வளையத்திலே மின்னோட்டம் எழுந்து அவ்வலையைத் தடுக்கும். முனைவுத் தளத்தைக் கால்வட்டம் திருப்பினால் அப்பரிவு எழாது. அலை கடந்து செல்லும். இலத்திரன் கருவிகளுக்கான நுண்சில்லுகளைச் செய்யும் ஒளியச்சு முறையால், இத்தகைய பொன் வளையங்களை ஆயிரக்கணக்கில் ஒரு தகட்டின்மேல் பதிக்கலாம். தெராஹேர்ட்ஸ் மீடிறனிலே செயற்கைக் காந்தக்குணம் காட்டும் பொருள் 2004இல் வெளியாயிற்று. 2006இல், இவ்வளையங்களைக் குறைகடத்தித் தகட்டின்மேல் அமைத்து, மின்னழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் அலையின் ஓட்டத்தை மாற்றும் கருவியை அமெரிக்க அறிஞர் ஆக்கினர். வாயிலுக்குக் கதவு அமைந்தது போலாயிற்று.

இனி, ஹேர்ட்ஸ் பெற்ற காற்பங்கின் கதைக்கு மீள்வோம். லொஸ் அலமொஸ் தேசிய ஆராய்ச்சிக்கூடத்தார் 2013இல் வெளியிட்ட அமைப்பிலே மூன்று அடுக்குகள் உள. முன்னடுக்கு ஒரு கம்பி நிரை. பின்னடுக்கு அதற்குக் குறுக்கான கம்பி நிரை. நடுவிலே 45 பாகை சரிந்த சிறு உலோகத் துண்டுகள். ஹேர்ட்ஸின் கூடத்தில் அனுப்பி, சரிந்த சட்டம், திரும்பிய வாங்கி என்று நின்ற அதே ஒழுங்கு, இங்கே அலைநீளத்திலும் மிகச்சிறிய தடிப்புக்குள் ஒடுங்கியிருக்கின்றது. முன்னடுக்கைக் கடந்து வந்த அலையில் ஒரு கூறு நடுவடுக்கால் தளம் திரும்பிப் பின்னடுக்கைக் கடக்கின்றது. திரும்பாத கூறு பின்னடுக்கிற் பட்டு மீண்டு, நடுவடுக்கை மறுபடியும் சந்தித்து, அங்கே ஒரு பங்கு திரும்புகின்றது. இவ்வாறு பலமுறை தெறித்துத் திரும்பிய கூறுகள் ஒன்றையொன்று வலுப்படுத்தும்படி அடுக்குகளின் இடைவெளி அளந்து அமைக்கப்பட்டது. இதனால் காற்பங்கு என்னும் எல்லை கடக்கப்பட்டு, பரந்த மீடிறன் வீச்சிலே அரைப்பங்குக்கு மேற்பட்ட ஆற்றல் குறுக்குத் தளத்துக்கு மாறியது. வீணே தெறித்துப் போனதைத் திரும்ப அழைத்து வேலை வாங்கியதே இதன் மருமம்.

சணற் புரிக்கும் இவ்வாறே வழித்தோன்றல்கள் தோன்றின. 2012இல், வலமுறுக்கும் இடமுறுக்கும் போன்ற பொன்னுருக்களைச் சிலிக்கனுடன் சேர்த்து அமைத்து, ஒளியைப் பாய்ச்சியவுடன் வலம் இடமாக மாறும் தெராஹேர்ட்ஸ் மீப்பொருள் வெளியாயிற்று. 2019இல் மிச்சிக்கன் பல்கலைக்கழகத்தார், யப்பானியரின் தாள்வெட்டுக் கலையைப் பின்பற்றி, மெல்லிய தாளிலே பொற்கோடுகளைப் பதித்து, கீறல்கள் இட்டனர். தாளை இழுத்ததும் கீற்றுகள் புடைத்து முறுக்குக்கொண்டன; இழுக்கும் அளவுக்கேற்ப அலையின் முனைவும் மாறியது. உயிர்ப்பொருள்களின் மூலக்கூறுகளிலுள்ள முறுக்கை அளந்தறிய இது உதவுகின்றது. சருக்கரையின் முறுக்கை விளக்கச் சணலை முறுக்கியவர் போஸ். உயிர்ப்பொருளின் முறுக்கை அறியத் தாளை முறுக்குகின்றனர் இன்றைய அறிஞர்.

போஸ் மீப்பொருளைக் கண்டுபிடித்தவர் என்று கூறுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. தம் சணற் புரியைக்கொண்டு மூலக்கூற்றை விளக்க முயன்றாரேயன்றி, புதுப்பொருளை ஆக்கும் நோக்கம் அவருக்கு இருக்கவில்லை. பென்றி முதலியோர் தம் முடிபுகளைத் தாமே கணித்துக் கண்டனர். ஆயினும், அலையின் நீளத்திலும் சிறிய உருக்களைக் கையால் ஆக்கி, அவற்றின் வடிவினாலேயே அலையின் போக்கைத் திருப்பியவருள் முன்னோடி அவர் என்பதனை இன்று இத்துறையின் நூல்கள் ஒப்புக்கொள்கின்றன. அவர் மில்லிமீற்றர் அலைகளைக்கொண்டு செய்த சோதனைகளை உலக மின்பொறியியலாளர் கழகம் 2012இல் ஒரு மைல்கல்லாக அறிவித்து, கல்கத்தாவில் நினைவுப் பலகை நாட்டியது.

பயன் தெரியாத உண்மையைத் தேடுதல் வீண் என்று கூறுவார் எக்காலத்தும் உளர். ஹேர்ட்ஸின் மரச்சட்டத்துக்கும் போஸின் சணலுக்கும் அவர்கள் வாழ்நாளில் ஒரு விலையும் இருக்கவில்லை. அவற்றைத் தூக்கி எறியாது, அளந்து, குறித்து, ஏட்டிலே பதித்து வைத்தமையினாலேயே, நூறாண்டு கழித்துத் தேவை வந்தபோது அவை பொருள் பெற்றன. கல்கத்தாவில் 1917ஆம் ஆண்டு போஸ் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்திலே அவருடைய கருவிகள் இன்றும் பேணப்படுகின்றன. ஒரு கல்லூரி ஆசிரியர், வசதி குறைந்த அறையில், ஊரில் விளைந்த நாரையும் பழைய நேரசூசியையும் கொண்டு இயற்கையிடம் கேட்ட வினாவுக்கு அவை சான்றாய் நிற்கின்றன. பொருள் எளியதாயினும் வினா செவ்வியதாயின் விடை ஒருநாள் பயன் தரும். அதற்கு ஒரு நூற்றாண்டு செல்லினும் செல்லலாம்.